காகித மாப்பிள்ளைக்கு வந்த சம்மதம்

தேவஸிக்குட்டிக்கு ஐம்பத்தாறு வயது. மீசைக்குச் சாயம் அடிப்பார். தலைக்கு அடிப்பதில்லை, அடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. இரிஞ்சாலக்குடாவில் தொடங்கி மாளா, சாலக்குடி, ஒல்லூர் வரைக்கும் எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது, எந்த வீட்டுப் பையன் துபாயில் வேலை போய்த் திரும்பி வந்து லீவு என்று சொல்லிக்கொண்டு சுற்றுகிறான், எல்லாம் அவருக்குத் தெரியும். பங்குச் சாமியாருக்குத் தெரியாததும் தெரியும். கல்யாணத் தரகு அவர் தொழில். கல்யாணத் தரகன் என்றால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கிறவர்கள் வீட்டிலும் பெண் வளரும். அப்போது தேடிக்கொண்டு வருவார்கள்.

அந்தத் தொழிலுக்கு அவர் வந்ததே ஒரு திருட்டுத்தனத்தில்தான். இருபத்தைந்து வயதில் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். அதே பஸ்ஸின் டிரைவருக்குப் பெண் பார்க்கத் துணையாகப் போனார். பெண் ரோஸிலி. டிரைவர் பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தேவஸி வாய் மூடவில்லை. கிணற்றில் தண்ணீர் எத்தனை ஆழம், கூரை ஓடுகளை ஏன் இன்னும் மாற்றவில்லை, பசு ஏன் இப்படி மெலிந்து கிடக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசினார். அவர்கள் கிளம்பிப் போனதும் ரோஸிலி தன் அப்பனிடம், "வந்தவன் வேண்டாம். கூட வந்த வாயாடியக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். டிரைவர் ஆறு மாதம் தேவஸியோடு பேசவில்லை. கடைசியில் தேவஸியே அலைந்து திரிந்து அவனுக்கு ஒரு பெண்ணைத் தேடிக் கட்டிவைத்தார். அவர் முடித்த முதல் கல்யாணம் அது. அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் ஓடிவிட்டது.

அவருடைய கெட்டிக்காரத்தனம் முழுக்க விசாரிப்பில் இருந்தது. பையனைப் பற்றிப் பையன் வீட்டில் போய்க் கேட்கிறவன் முட்டாள். முடிவெட்டுகிறவரிடம் கேட்க வேண்டும், ஆட்டோ ஸ்டாண்டில் கேட்க வேண்டும், சர்ச்சில் மணி அடிக்கிற கப்பியாரிடம் கேட்க வேண்டும். மீன்காரியிடம் கடைசியாகப் போவார். மீன்காரியிடம் பேரம் பேசும்போது எந்த ஆம்பளையும் நடிப்பதில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு.

விசாரித்ததை இரண்டு இடத்தில் எழுதுவார். ஒன்று, அச்சடித்த வரன் தாள். போட்டோ ஒட்ட ஒரு கட்டம், தாய்மாமன் போன் நம்பருக்கு ஒரு கட்டம், ஊர் என்ன சொல்கிறது என்று கீழே நாலு வரி. அதைப் பெண் வீட்டில் காட்டுவார். இன்னொன்று சட்டைப் பையில் இருக்கும் குட்டி நோட்டு. நிஜமெல்லாம் அதில்தான். அதை யாருக்கும் காட்டியதில்லை. அவர் குளிக்கப் போகும் நேரத்தில் ரோஸிலி தினமும் எடுத்துப் படிப்பாள் என்பது வேறு விஷயம்.

அந்த வருஷம் அவர் வீட்டு மாடியை ஒரு சினிமா டைரக்டர் மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். சுதீர் கைமள் என்று பெயர். நாற்பத்தைந்து வயது, முன்வழுக்கை, தொப்பை, எந்நேரமும் கையில் பேனா. இரண்டு படம் எடுத்து இரண்டும் ஓடவில்லை. கதை எழுத அமைதி வேண்டும் என்று வந்தவர், தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துபோவார். தொட்டி நிரம்பி ரோஸிலியின் மிளகாய் காயப்போட்ட முறத்தில் கொட்டும். அப்படி ஒரு நாள் கொட்டியபோது சண்டை போடத்தான் தேவஸி மாடிக்குப் போனார்.

சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டியிருந்தது. எல்லாம் ஒரே ஆளைப் பற்றி. சின்ன வயதில் அம்மா இருட்டறையில் போட்டுப் பூட்டினாள். தும்பி பிடித்து இறகைப் பிய்ப்பான். வயலின் வாசிப்பான். மழையை வெறித்துப் பார்ப்பான். ஒரு கண் லேசாகத் துடிக்கும். பெயர் விக்டர்.

தேவஸிக்கு மோட்டார் மறந்துபோனது. ஒரு ஆளைப் பற்றி எழுதிவைத்த காகிதத்தைப் பார்த்தால் அவர் கை தானாகக் கண்ணாடியைத் தேடும்.

"யாரு சாரே இது? எந்த ஊர்ப் பையன்?"

"என் படத்துல வர்ற கொலைகாரன், தேவஸியேட்டா."

"அம்மாடி! எத்தன கொலை?"

"கத்தி எடுத்து ஒண்ணுகூட இல்ல. கட்டின பொண்டாட்டிய மெதுமெதுவா, தனக்குத்தான் பைத்தியம்னு நம்ப வைக்கிறான். சாவிய ஒளிச்சு வெப்பான். அடுப்ப அணைச்சுட்டு நீதான் அணைச்சேம்பான். எல்லாம் மனசுக்குள்ள நடக்கிற கொலை."

தேவஸி சுவரை மறுபடியும் ஒரு முறை மேலிருந்து கீழே படித்தார்.

"ஒண்ணு கேக்கட்டா? இவனுக்குப் பொண்ணு குடுத்தது யாரு?"

"என்னது?"

"கல்யாணம் ஆனாத்தானே பொண்டாட்டிய பைத்தியமாக்க முடியும்? கண்ணு துடிக்குது, மழையப் பாத்து முறைக்கிறான், போதாக்குறைக்கு வயலின் வேற. இவன நான் கூட்டிட்டுப் போனா, பொண்ணோட அப்பன் எனக்கும் சேத்து நாய அவுத்து விடுவான்."

டைரக்டர் பேனாவைக் கடித்தார். படத்துக்குப் பணம் போடுகிறவரும் இதையேதான் சொல்லியிருந்தார். மூன்றாம் பக்கத்திலேயே இவன்தான் என்று தெரிந்துபோகிறது, ஆளை மாற்று, இல்லையென்றால் என்னை விடு என்று.

"அப்ப இவன எப்படித்தான் எழுதறது?"

"எனக்குக் கதை தெரியாது சாரே. மாப்பிள்ளைங்களத் தெரியும்" என்றார் தேவஸி. பிறகு தானாகவே சொன்னார். "முப்பத்தோரு வருஷத்துல, யாரு வாயிலயும் ஒரு குறைகூட வராத ஆள் ரெண்டே பேரத்தான் பாத்திருக்கேன். ஒருத்தன் சாமியாராப் போயிட்டான். இன்னொருத்தனுக்குப் பரியாரம்ங்கிற ஊர்ல இருந்து நானே ஒரு பொண்ணு முடிச்சு வெச்சேன். எட்டு மாசத்துல அந்தப் புள்ள திரும்பி வந்துருச்சு. அடி இல்ல, குடி இல்ல. 'எங்க வீட்டுல உப்பு எந்த டப்பால இருக்குன்னுகூட எனக்கு நிச்சயமில்லாமப் போச்சு, தேவஸியேட்டா'ன்னு சொல்லுச்சு. அத நான் இன்னும் யாருகிட்டயும் சொன்னதில்ல."

டைரக்டர் எழுந்து, சுவரில் இருந்த விக்டரை ஒவ்வொரு காகிதமாகக் கிழித்து எடுத்தார்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஆள் செய்ய ஆரம்பித்தார்கள். சின்ன வயதுக் கதையே வேண்டாம் என்றார் தேவஸி. பையனுக்கு ஏழு வயதில் என்ன நடந்தது என்று எந்தப் பெண் வீட்டாரும் கேட்பதில்லை. இன்றைக்கு ஊர் என்ன சொல்கிறது என்றுதான் கேட்பார்கள். தன் வரன் தாளில் ஒன்றை எடுத்துக் கொடுத்து நிரப்பச் சொன்னார். பெயர் ஜெய்சன். முடிவெட்டுகிறவர் சொல்கிறார்: மாதத்தின் முதல் சனிக்கிழமை வருவான், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே மாட்டான். ஆட்டோக்காரர் சொல்கிறார்: என் மகள் பரீட்சை எழுதிய தேதியைக்கூட ஞாபகம் வைத்துக் கேட்டான். பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள்: கொடுத்தனுப்பிய பாத்திரம் ஒருநாளும் வெறுமனே திரும்பியதில்லை.

குட்டி நோட்டிலும் ஜெய்சனுக்கு ஒரு பக்கம் போட்டார். மீன்காரியிடம் பேரம் பேச மாட்டான், ஆனால் வீட்டுக்கு வந்து மீனை மறுபடி எடை போடுவான். ஐம்பது நண்பர்கள், ஒருவர்கூட அவன் சமையலறை வரைக்கும் வந்ததில்லை. மன்னிப்புக் கேட்பதில் சமர்த்தன். அவன் கேட்டு முடித்ததும் எதிரில் நிற்கிறவருக்குத் தான்தான் தப்பு செய்தது போலத் தோன்றும்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு டைரக்டர் தண்ணீர் கேட்டார்.

பொண்டாட்டி வேஷத்தை எழுதும் முறை வந்தபோது ரோஸிலி பழம்பொரித் தட்டோடு மாடியில் இருந்தாள். டைரக்டர் அந்தப் பெண்ணைப் பயந்த சுபாவம், மறதிக்காரி என்று எழுதியிருந்தார்.

"மறதிக்காரியா?" ரோஸிலி தட்டை டொக்கென்று வைத்தாள். "எனக்கு ஒரு சாவி காணாமப் போனா நான் என்னையவா சந்தேகப்படுவேன்? இந்த மனுஷனத்தான் திட்டுவேன். மறதிக்காரிக்கு எதக் காணோம்னாலும் பழக்கம்தான், சிரிச்சுட்டுப் போயிருவா. ஒண்ணையுமே மறக்காதவளா வைங்க சாரே. யாரு புள்ளைக்கு எப்ப ஞானஸ்நானம்னு ஊரே அவகிட்ட வந்து கேக்கணும். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு சாவி காணாமப் போச்சுன்னா, அன்னைக்கே பாதி செத்துருவா."

"அடியே, இத்தன நாளு இதெல்லாம் எங்க வெச்சிருந்த?"

"உங்க வாய்க்குப் பின்னாடி. எப்ப இடம் விட்டீங்க?"

அந்தப் பெண்ணின் காகிதத்தை டைரக்டர் அங்கேயே புதிதாக எழுதினார். ரோஸிலி பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகத் திருத்தினாள்.

வரன் தாளில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது என்பது தேவஸியின் பிடிவாதம். பெண்ணைப் பெற்றவன் கண் முதலில் காலிக் கட்டத்தில்தான் விழும். அதனால் போட்டோ கட்டத்தில் டைரக்டர் தன்னுடைய இருபத்தொன்பது வயதுப் படத்தை ஒட்டினார். அப்போது தலைமுடி காடாக இருந்தது, வயிறு என்று ஒன்று கிடையாது. தாய்மாமன் போன் நம்பர் கட்டத்தில் தன் நம்பரையே போட்டார். பார்க்க அசல் வரன் தாள். தேவஸி அதைப் பெருமையாகத் தன் தோல்பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகிற வழியெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினார்.

கோளாறு அங்கேதான் தொடங்கியது.

ஒல்லூரில் வறீது என்று ஒரு ஜாதிக்காய் வியாபாரி. ஒரே மகள் டெல்னா. இருபத்தொன்பது வயது, ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை. வந்த வரன் எல்லாவற்றையும் வறீது தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். ஒருவனுக்குக் காது பெரிது, ஒருவன் வீட்டுக்கு வழி குறுகல். தேவஸி ஒன்றரை வருஷம் தேடி, மாளாவில் ஷிஜோ என்ற பையனைக் கண்டுபிடித்தார். பழைய டயருக்குப் புது மேல்பட்டை ஒட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். இந்தப் பெண்ணுக்கு இவன்தான் என்று தேவஸிக்கு உள்மனசிலேயே தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வறீது குடும்பம் மாளாவுக்குப் போய்ப் பார்ப்பதாக வாய்ப்பேச்சும் ஆகியிருந்தது.

எந்த வீட்டுக்குப் போனாலும் மூன்று தாளோடு போவது தரகர் வழக்கம். முடிக்க நினைக்கிற வரன் ஒன்று. அது எடுப்பாகத் தெரிவதற்காகக் கூடவே இரண்டு சுமார் வரன். அந்தப் புதன்கிழமை வறீது வீட்டில் ஷிஜோவின் தாளோடு வைக்கப் பைக்குள் கையை விட்டார். வாயில் எல்சி வைத்த குழலப்பம், கண் டீ டம்ளரில். வறீதின் மனைவி எல்சி சுடும் குழலப்பம் அப்படி. கை எடுத்துக் கொடுத்த மூன்றாவது தாள் ஜெய்சனுடையது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வறீது போன் செய்தார்.

"எடோ தேவஸி, பையன முடிச்சிரலாம்."

தேவஸிக்கு வாயெல்லாம் பல். "நான்தான் சொன்னேனே வறீதேட்டா, ஷிஜோ தங்கமான..."

"ஷிஜோவா? டயர் ஒட்டுறவனா? அவன விடு. நான் சொல்றது ஜெய்சன். தாய்மாமன்கிட்ட இருவது நிமிஷம் பேசியாச்சு. என்னா மனுஷன்யா அவரு! பையன் கூடப் படிச்சவனுக்குக் கிட்னி குடுக்கப் போயி, டாக்டரே கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாராமே! ஞாயித்துக்கிழம மாளா இல்ல. ஜெய்சன் வீட்டுக்குப் போறோம். நேரம் கேட்டுச் சொல்லு."

போன் அணைந்தது. தேவஸியின் தொண்டையில் கிழங்கு நின்றது. ரோஸிலி முதுகில் இரண்டு அடி வைத்தாள், தேவைக்கு மேல் ஒன்று.

கை கழுவாமலே மாடிக்கு ஓடினார்.

"சாரே, யாராச்சும் போன் பண்ணாங்களா? ஜெய்சனப் பத்தி?"

டைரக்டர் முகம் மலர்ந்து எழுந்து வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டார். "தேவஸியேட்டா, நீங்க பெரிய ஆளு! சொல்லாமக்கொள்ளாம ஆள வெச்சு என்னையே சோதிச்சிட்டீங்க! நானும் விடல, தாய்மாமனாவே மாறிட்டேன். ஆனா அந்த மனுஷன் நடிச்சாரு பாருங்க, பொண்ணப் பெத்தவன் மாதிரியே குரல் நடுங்குச்சு. படத்துல அப்பன் வேஷம் அவருக்குத்தான்."

"அவரு பொண்ணப் பெத்தவருதான்யா!"

டைரக்டர் கையை எடுத்தார். பிறகு உட்கார்ந்தார். கீழிருந்து ரோஸிலியின் சிரிப்பு படியேறி வந்தது.

டைரக்டருக்குப் பொய் சரளம். ஜெய்சன் கனடா போய்விட்டான் என்று சொல்லலாம் என்றார்.

"கனடான்னா வறீதேட்டன் பொண்ணுக்கும் சேத்து டிக்கெட் எடுப்பாரு" என்றாள் ரோஸிலி.

"வேற இடத்துல நிச்சயம் ஆயிருச்சுன்னு சொன்னா?"

அது எடுபடுகிற பொய். தேவஸிக்கும் தெரியும். ஒரு போன், வேலை முடிந்தது. ஆனால் அவர் திண்டாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிடைக்காமல் போன ஜெய்சனை வறீது சாகிற வரைக்கும் மறக்க மாட்டார். ஷிஜோ என்ன, இனி வருகிற எவனும் அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. டெல்னா வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். நிஜத்தைச் சொன்னாலோ, இல்லாத மாப்பிள்ளையைக் கொண்டுவந்தவன் என்று ஒல்லூர் முழுக்கப் பெயர் நாறிப்போகும். 'தேவஸி கொண்டுவந்த வரனா, சரி' என்று ஊர் சொல்வதுதான் அவர் முப்பத்தோரு வருஷம் சேர்த்த சொத்து. வேறு ஒன்றும் அவர் சேர்க்கவில்லை.

"தாள்ல நான் எத்தனையோ மறைச்சிருக்கேன்" என்றார் கடைசியில். "பொய் ஒண்ணு எழுதினதில்ல. இதுதான் மொதல் தடவ. போயி வாங்கிக் கட்டிக்கிறேன். சாரும் கூட வரணும். கிட்னி குடுத்தது நீங்கதானே."

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் ஒல்லூரில் இறங்கினார்கள். வறீது வாசலிலேயே நின்றார். டைரக்டரைப் பார்த்து, "இவரு?" என்றார்.

"தாய்மாமன்" என்றார் தேவஸி. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வறீது இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். "வாங்க வாங்க! எல்சீ, யாரு வந்திருக்காங்கன்னு பாரு! டீ போடு!"

டெல்னா அன்று வேலைக்குப் போகவில்லை. கதவோரம் நின்று வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள். மேஜையில் இருந்த வரன் தாளை எடுத்துப் போட்டோவைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"அப்பச்சா, மாமனுக்கும் மருமகனுக்கும் மூக்குமேல ஒரே எடத்துல மச்சம்."

அதற்கப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? தேவஸி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சினிமாவை, சுவரை, தாளை, குழலப்பத்தை. ஜெய்சன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை என்றும், பிறந்திருந்தால் அவன் ஒரு கொலைகாரன் என்றும் சொன்னார்.

வறீதின் முகம் காய்ந்த மிளகாய் நிறத்துக்குப் போனது.

"கொலைகாரனா? என் பொண்ணுக்கு நீ கொலைகாரனக் கொண்டாந்தியா? அத நான் இருவது நிமிஷம் விசாரிச்சேனா? நாளைக்குப் பூசை முடியட்டும். சர்ச் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்றேன். இனி ஒரு வீட்டுப் படிய நீ மிதிக்கக்கூடாது!"

"சொல்லுங்க வறீதேட்டா. சொல்ல வேண்டியதுதான்." தேவஸியின் குரல் இறங்கிவிட்டது. "ஆனா அந்த மாதிரி ஒருத்தன நான் நெசமாவே ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். அந்தப் புள்ள மொகம் இன்னும் என் கண்ணுல இருக்கு. அவனப் பாத்துத்தான் இவன எழுதினேன். அதனாலதான் வேற பொய் சொல்லித் தப்பிக்க மனசு வரல."

எல்சி கொண்டுவந்த டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் புதன்கிழமையே சொன்னேனே அப்பச்சா, இந்த ஆளு வேண்டாம்னு" என்றாள் டெல்னா. "மருந்து வாங்க வர்றவங்க ஒவ்வொருத்தரும் புருஷன, மாமியார, பக்கத்து வீட்டுக்காரனப் பத்திப் புலம்பிட்டுத்தான் போவாங்க. நம்ம சாமியாரப் பத்தியே மூணு பேரு புலம்புறாங்க. இவனப் பத்தி மட்டும் ஒரு ஆள்கூடவா புலம்பாது?" அவள் டைரக்டர் பக்கம் திரும்பினாள். "உங்க ஆளு அவ்வளவு கெட்டிக்காரன் இல்ல சார். கெட்டிக்காரனா இருந்தா, தன்னப் பத்தி ஒரு சின்னக் குறைய அவனே ஊருக்குள்ள பரப்பி வெச்சிருப்பான். குறட்டை விடுவான், டீ அதிகம் குடிப்பான், அந்த மாதிரி. அப்பத்தான் நம்புவாங்க."

டைரக்டர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். வறீது மகளைப் பயத்தோடு பார்த்தார்.

"இதெல்லாம் உனக்கு எப்படிடீ தெரியும்?"

"எட்டு வருஷமா மருந்து விக்கிறேன் அப்பச்சா. தேவஸியேட்டா, வர்றப்பல்லாம் சட்டைப் பையில எட்டிப் பாக்குதே, அந்தச் சின்ன நோட்டுல ஷிஜோவப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

தேவஸி கையைச் சட்டைப் பையின் மேல் வைத்து மூடிக்கொண்டார். அந்த நோட்டை எந்த வீட்டிலும் அவர் திறந்ததில்லை. ஆனால் இனி காப்பாற்ற என்ன இருக்கிறது? எடுத்தார், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார், கட்டைக் குரலில் வாசித்தார்.

"ஷிஜோ. சாப்பாட்ட அள்ளி விழுங்குவான், பக்கத்துல உக்கார முடியாது. கேரம்ல தோத்தா போர்டக் கவுத்துருவான். ஒரு லாரிக்காரன்கிட்ட சண்ட போட்டு அவன் கண்ணாடிய ஒடச்சான். மறுநாள் அவனே போயி மாத்திக் குடுத்தான். யாரு செத்தாலும் அழுவான், தெரியாத ஆளா இருந்தாலும் அழுவான். அம்மாகிட்ட எகிறுவான், அப்புறம் அம்மாக்குப் பிடிச்ச கருவாடு வாங்கிட்டு வருவான். மீன்காரி இவனத் திருடன்னு சொல்றா, ஆனா நல்ல மீன இவனுக்குத்தான் எடுத்து வெக்கிறா."

டெல்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியாத ஆளுக்குமா அழுவாரு?"

"போன மாசம் சவ ஊர்வலம் ஒண்ணு போச்சு. பட்டறைய மூடிட்டுக் கூடவே நடந்துட்டான். திரும்பி வந்துதான் செத்தது யாருன்னு கேட்டான்."

வறீது தொண்டையைச் செருமினார். கோபம் அவரிடம் இன்னும் இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார்.

"எடோ. அந்த நோட்டுல என்னப் பத்தியும் இருக்கா?"

தேவஸி நோட்டை மூடிப் பைக்குள் திணிக்கப் பார்த்தார்.

"படிங்க தேவஸியேட்டா" என்றாள் எல்சி. "நானும் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன்."

தேவஸி டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லை.

"வறீது. நல்ல மனுஷன். எந்த வரனைக் கொண்டாந்தாலும் விசாரிக்கிறதுக்கு முன்னாடியே நாலு குறைய ரெடியா வெச்சிருப்பாரு. பையன் மேல குறை இல்ல. பொண்ணு போயிட்டா வீட்டுல பேச ஆள் இல்ல. பொண்டாட்டி எல்சிகிட்டப் பேசலாம்னு இன்னும் அவருக்குத் தோணல."

எல்சி டீயை மேஜையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம், நடுவில் சிரிப்பு. வறீது வேட்டியின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"மாளாக்காரங்க நாளைக்கு எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?"

சொன்ன மாதிரியே ஞாயிறு பூசை முடிந்து சர்ச் வாசலில் நின்று வறீது எல்லாரிடமும் சொன்னார். ஆனால் சொன்ன கதை வேறாக இருந்தது. சினிமாக்காரன் ஒருவன் ஏமாற்றப் பார்த்தான், போனிலேயே குரலை வைத்து நான் பிடித்துவிட்டேன், தேவஸிதான் பாவம் அலைந்து திரிந்து நிஜத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தான் என்று. மாளாவுக்குக் கூடப் போவதற்காக ரோஸிலியோடும் டைரக்டரோடும் வந்திருந்த தேவஸி பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். டைரக்டரை நாலு பேர் முறைத்துவிட்டுப் போனார்கள். ரோஸிலி முந்தானையைக் கடித்துக்கொண்டு தூணைப் பார்த்து நின்றாள்.

டெல்னாவையும் கூட்டிக்கொண்டு பத்து மணிக்கு மாளா போய்ச் சேர்ந்தார்கள். ஷிஜோ இஸ்திரி போட்ட சட்டையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். வட்டயப்பம், கோழிக்கறி, டீ எல்லாம் வந்தது. அவன் எதையும் தொடவில்லை. யாரோ மெதுவாகச் சாப்பிடச் சொல்லி வைத்திருக்க வேண்டும், அது முடியாமல் சாப்பிடாமலே இருந்துவிட்டான்.

வறீது காது அளவைப் பார்க்கவில்லை. வீட்டு வழியைப் பார்க்கவில்லை. நேராகக் கேட்டார்.

"தம்பி, உன்னப் பத்தி இந்த ஊர்ல குறை சொல்றவங்க யாரு யாரு?"

ஷிஜோவின் அம்மாவுக்கு முகம் வெளுத்தது. ஷிஜோ தேவஸியைப் பார்த்தான். தேவஸி வட்டயப்பத்தைப் பார்த்தார். அந்தப் பையன் கொஞ்சம் யோசித்தான். அப்புறம் ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொல்ல ஆரம்பித்தான்.

"மொதல்ல அம்மா. அப்புறம் பக்கத்து வீட்டு ஔசேப்பண்ணன், அவரு மாமரத்து விஷயத்துல. கேரம் ஆடுற பசங்க நாலு பேரும். தங்கச்சி மாப்பிள்ள, அது நியாயம்தான். மீன்காரி. பட்டறைக்கு எதிர்ல டீக்கடைக்காரர். அப்புறம்..."

"கப்பியாரு" என்றாள் அம்மா, தன்னை அறியாமல்.

"ஆமாம்மா, கப்பியாரும், போன ஈஸ்டர்ல. இன்னொரு கை வேணும் போல இருக்கே."

டெல்னா சத்தமாகச் சிரித்தாள். அடக்கிக்கொள்ளும் முயற்சியே செய்யவில்லை. ஷிஜோ நிமிர்ந்து முதல் தடவையாக அவளைப் பார்த்தான். பார்த்த கையோடு ஒரு வட்டயப்பத்தை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டான்.

வறீது தேவஸியின் பக்கம் சாய்ந்தார்.

"முடிச்சிரு" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "எல்சிய நாளைக்குத் திருச்சூர் கூட்டிட்டுப் போறேன். என்ன பேசறதுன்னு ஏதாச்சும் யோசிச்சுச் சொல்லுய்யா" என்றார்.